உயிரோடு அனுப்ப வேண்டியது

நண்டு கட்டும்போது மத்தியாஸ் போனை எடுக்க மாட்டான். அப்படி எடுத்து விரலைக் கொடுத்தவன் இந்தத் தீவின் மீன்துறையான ஜங்லிகாட்டில் கொட்டகைக்கு ஒருத்தன் இருக்கிறான். அன்றைக்குச் சென்னை நம்பர் என்பதால் எடுத்தான்.

காலடியில் பெரிய ஆண் நண்டு ஒன்று கிடந்தது. சேற்று நண்டு. ஓட்டின்மேல் குதிகாலை வைத்து அழுத்தி, நைலான் கயிற்றை ஒரு கொடுக்கில் சுற்றி, வயிற்றுப் பக்கமாகக் கொண்டுவந்து மறு கொடுக்கில் சுற்றி இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விறைப்பில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்க முடியாது. அவிழ்த்துவிட்டு முதலிலிருந்துதான் கட்ட வேண்டும். மத்தியாஸ் பாதிச் சுற்றில் இருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"மிஸ்டர் மத்தியாஸா? ஜெனடிக் லேப்ல இருந்து டாக்டர் விஜயலட்சுமி பேசறேன். உங்க மனைவி லூசியோட சாம்பிள் அனுப்பியிருந்தீங்க இல்லையா, கரு கலைஞ்சப்ப எடுத்த திசு…"

"ஆமா மேடம். என்ன காரணம்னு தெரிஞ்சுதா?"

"வளரலை சார்."

"அதான மேடம் எங்க கஷ்டமே. மூணு வாட்டியும் வளராமதான போச்சு."

அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "நான் சொல்றது லேப்ல சார். அந்தத் திசுல இருக்கற செல்லை எடுத்து பாட்டில்ல போட்டு வளர்க்கணும். அது ரெண்டாப் பிரியணும். பிரியற அந்த நேரத்துலதான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும், எண்ணிப் பாக்க முடியும். உங்க சாம்பிள் கல்லு மாதிரி உறைஞ்சு வந்துச்சு. யார் சார் பேக் பண்ணது? ஐஸ்ல உப்பு வேற கலந்திருக்கு."

"நான்தான் மேடம்." சொல்லும்போது அவன் குரலில் தொழில்காரனின் மிதப்பு இருந்தது. "என் பெட்டி இதுவரைக்கும் ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு யாரும் சொன்னதில்ல. மெயின்லேண்ட்ல எந்தப் பார்ட்டிகிட்ட வேணாலும் கேளுங்க."

"கெடலை சார். செத்துப்போச்சு. அது உயிரோட வரவேண்டியது."

மத்தியாஸின் குதிகால் தானாகத் தளர்ந்தது. நண்டு கயிற்றோடு நழுவிக் கூடையின் அடியில் போய்ப் புகுந்தது. எதிரே கட்டிக்கொண்டிருந்த ராக்கப்பன் காலைத் தூக்கிக்கொண்டு துள்ளினான்.

"டேய் மத்தியாஸு! உன் போனுக்கு என் கால் விரலாடா கூலி?"

மத்தியாஸ் காதில் அது ஏறவில்லை. "உயிரோடவா?" என்று போனில் கேட்டான்.

"குழந்தை இல்ல சார், தப்பா எடுத்துக்காதீங்க. செல்லு. உடம்பை விட்டு எடுத்த பிறகும் கொஞ்ச நாள் அது உயிரோட இருக்கும். நீங்க சும்மா குளிர்ச்சியா, உறையாம அனுப்பியிருந்தாலே போதும்."

கடலிலிருந்து வருவதெல்லாம் மத்தியாஸுக்கு இரண்டே வகை. செத்தது, உயிரோடு இருப்பது. செத்ததற்கு ஐஸ், தூரம் அதிகமென்றால் ஐஸில் கல்லுப்பு. உயிரோடு இருப்பதற்கு நனைத்த சாக்கு, பெட்டியில் துளை, ஐஸின் வாடைகூடப் படக்கூடாது. ஒரே நாளில் ஒரே கையால் இரண்டையும் கட்டி விமானத்தில் ஏற்றுகிறவன் அவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டப்பாவை அவன் கையில் கொடுத்தபோது யாரும் எது என்று சொல்லவில்லை. 'கூலா கொண்டு போங்க' என்றார்கள். உள்ளே வைத்திருந்த ஜெல் பொட்டலம் பிஸ்கட் பாக்கெட் அளவுகூட இல்லை. இதுவா சென்னை வரைக்கும் தாங்கும் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. கொட்டகைக்குக் கொண்டுவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததிலேயே சிறந்த வேலையைச் செய்தான். சுரண்டிய ஐஸ் ஒரு அடுக்கு, உப்பு, மறுபடி ஐஸ். டேப்பை மூன்று சுற்று ஒட்டினான். செத்துப்போனதை எப்படிக் கட்டுவானோ அப்படிக் கட்டினான்.

"இனி ஒண்ணும் பண்ண முடியாதா மேடம்?"

"ஒரு வழி இருக்கு. செத்த செல்லுல இருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம். எது கூடுதல், எது குறைவுன்னு அதுல தெரியும். முழுசாத் தெரியாது. பாதிதான் தெரியும். பண்ணட்டுமா?"

பண்ணச் சொன்னான். வேறு என்ன சொல்வது.

*

லூசி ஏர்போர்ட் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். லம்பா லைனில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் எட்டிப்பிடிக்கும் தூரம். அந்த ஸ்கூட்டர்தான் முதல் கரு கலைந்ததற்குக் காரணம் என்று தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பேயிலிருந்து மத்தியாஸின் அக்கா கேத்தரின் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இரண்டாவது போனபோது ஜெராக்ஸ் மெஷினின் சூடு வயிற்றுக்கு ஆகாது என்றாள். மூன்றாவதுக்கு லூசி ஸ்கூட்டரைத் தொடவில்லை, கடையில் மெஷின் பக்கமும் நிற்காமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அதுவும் போனது. அதற்குக் கேத்தரின் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். வாட்ஸப்பில் நீளநீளமாகக் குரல் அனுப்புவாள். லூசி அதை முழுசாகக் கேட்டதில்லை. கேட்காமல் அழித்ததும் இல்லை.

மத்தியாஸ் கடைக்குப் போய் நின்றான். மீன் வாடைக்கு ஒரு வாடிக்கையாளர் தள்ளி நின்றுகொண்டார்.

"லேப்ல இருந்து போன் வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"வளரலையாம். சாம்பிள் உறைஞ்சு போச்சாம்."

லூசி கையிலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்கு நேரான பிறகும் தட்டினாள்.

"ஐஸ் போட்டீங்களா?"

"கெட்டுரக் கூடாதேன்னுதான்…"

"மீனா அது?"

"லூசி, கேளு. எனக்கு யாரும் சொல்லலை, உயிரோட போகணும்னு. கூலான்னு சொன்னாங்க. கூலுன்னா எனக்கு ஐஸுதான். வேற என்ன தெரியும் எனக்கு?"

"கேட்டிருக்கலாம்ல? வாய் இருக்குல்ல? நண்டு வாங்குத பார்ட்டிகிட்ட அரை மணி நேரம் பேசுத வாயி."

தள்ளி நின்ற வாடிக்கையாளர் ஆதார் அட்டையை நீட்டி, "முன்னாடி பின்னாடி" என்றார். லூசி வாங்கி மெஷினில் வைத்தாள். பச்சை வெளிச்சம் அவள் தாடையின் கீழே ஓடி மறைந்தது.

"ஒரு விஷயம் சொல்லுதேன்," என்றாள், திரும்பாமல். "காரணம் தெரியாம இன்னொண்ணை நான் சுமக்க மாட்டேன். உங்க அக்கா கேட்டாலும் சரி, சாமியார் வந்து கேட்டாலும் சரி. காரணம் தெரியணும்."

*

டிஎன்ஏ முடிவு வந்தது. பதினாலாம் நம்பர் குரோமோசோம் ஒன்று கூடுதல். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. அப்படியொரு கரு எந்த வயிற்றிலும் நிலைக்காது என்றார் விஜயலட்சுமி. எங்கிருந்து கூடியது என்பது அதில் தெரியவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம், பெற்றவர்களில் ஒருவரிடம் ஏதாவது ஒட்டியோ மாறியோ இருந்தாலும் இப்படி ஆகலாம். இரண்டு பேர் இரத்தமும் வேண்டும். இந்தத் தடவை தயவுசெய்து உறைய வைக்காதீர்கள்.

"முதல்ல நீ குடு," என்றான் மத்தியாஸ். "அதுல ஒண்ணும் இல்லைன்னா பொறவு நான் குடுக்கேன்."

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லூசி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏன், முதல்ல நீங்க குடுத்தா என்ன?"

"எனக்கு என்ன குறை? ஐஸ் பாளத்தை ஒத்தையாத் தூக்குதவன். காய்ச்சல்னு ஒரு நாள் படுத்திருக்கனா?"

"நான் படுத்திருந்தனா?"

"அப்படிச் சொல்லலை…"

"அப்படித்தான் சொல்லுதீங்க. உங்க அக்கா வாயால சொல்லுதா, நீங்க வயித்துக்குள்ள வச்சுச் சொல்லுதீங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே ஊசியில குடுக்கணும். இல்லைன்னா நானும் குடுக்கலை. இப்படியே இருப்போம்."

"ஒரே ஊசியா? எய்ட்ஸ் வந்துரும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் அந்த நகைச்சுவையைச் சோற்றோடு விழுங்கினான்.

இரண்டு பேரும் கொடுத்தார்கள். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. சாயங்கால விமானம் இறங்க முடியாமல் வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாள் விமானமும் ரத்து. அதற்குள் இரத்தம் பழசாகிவிட்டது, செல்லெல்லாம் சோர்ந்திருக்கும், புதிதாக எடுத்து அனுப்புங்கள் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். மத்தியாஸ் கார்கோ வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, ஹிந்தியிலும் தமிழிலும் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் பேசினான். அவனுடைய நண்டுகளும் அன்றைக்குப் போகவில்லை. நண்டாவது சாக்கை நனைத்து விட்டால் இன்னும் ரெண்டு நாள் தாக்குப்பிடிக்கும். மனுஷ இரத்தம் நண்டைவிடப் பலவீனமாக இருந்தது.

மறுபடி கலெக்ஷன் சென்டர். அங்கே ஊசி போடுகிற ப்ரியங்கா ராஞ்சிக்காரக் குடும்பத்துப் பெண், தமிழ் பள்ளிக்கூடத்தில் கற்றது. குழாயைப் பஞ்சில் சுற்றி ஜெல் பொட்டலத்தோடு சேர்த்து வைக்கப் போனவளை மத்தியாஸ் தடுத்தான்.

"ஜெல்லு மேல படக் கூடாது. நடுவுல துணி வை. ஈரத் துணி வேண்டாம், காஞ்ச துணி. பெட்டியில ஓட்டை போட்டிருக்கா?"

"பாய், யே கேக்டா நஹி ஹே. நண்டு இல்ல."

"நண்டுதான். உயிரோட போகணும். ஒருவாட்டி கொன்னுட்டேன், போதும்."

ப்ரியங்கா லூசியைப் பார்த்தாள். லூசி கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு, "அவர் சொல்லுத மாதிரி வை" என்றாள். அன்று அவள் அவனுக்காகப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

*

முடிவைச் சொல்ல விஜயலட்சுமி கூப்பிட்டது கடை நேரத்தில். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும்போது பேச வேண்டும் என்று முன்பே செய்தி அனுப்பியிருந்தார். மத்தியாஸ் கொட்டகையை ராக்கப்பனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஜெராக்ஸ் கடைக்கு விரைந்தான். முதலாளி வெளியே போயிருந்தார். லூசி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"லூசிம்மா, உங்க ரிப்போர்ட் நார்மல். குரோமோசோம் நாற்பத்தாறு. எல்லாம் அதது இடத்துல இருக்கு."

லூசி மூச்சு விட்ட சத்தம் மத்தியாஸுக்குக் கேட்டது. அவனுக்கு அடுத்தது என்ன என்று புரிந்துவிட்டது. புரிந்தும் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், உங்களுக்கு நாற்பத்தஞ்சு. பயப்படாதீங்க. உங்களுக்கு எதுவும் குறையலை. பதிமூணும் பதினாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. பிறவியிலேயே. அதால உங்க உடம்புக்கு ஒரு பாதிப்பும் இல்ல."

"அப்ப எதுக்கு மேடம் மூணும் போச்சு?"

"சொல்றேன். ஒரு செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி, குரோமோசோம் எல்லாம் நடுவுல வந்து நிக்கணும். செல்லோட ரெண்டு ஓரத்துல இருந்தும் மெல்லிசா குழாய் குழாயா வரும். மைக்ரோட்யூபுல்னு பேரு. நூல்னே வச்சுக்கலாம். ஒவ்வொரு ஜோடியிலயும் இந்தப் பக்கத்து நூல் ஒண்ணைப் பிடிக்கும், அந்தப் பக்கத்து நூல் ஒண்ணைப் பிடிக்கும். பிடிச்சு இழுக்கும்."

"யாரு இழுத்து ஜெயிக்கணும்?"

"யாரும் ஜெயிக்கக் கூடாது சார். ரெண்டு இழுவையும் சமமா இருக்கறதாலதான் அது நடுவுல நிக்குது. ஒரு பக்கம் தொய்வா இருந்தா செல்லு கண்டுபிடிச்சிடும். அந்த நூலை அவிழ்த்து விட்டுட்டு மறுபடி பிடிக்கும். எல்லாம் விறைப்பா நிக்கற வரைக்கும் பிரியாம காத்துக்கிட்டே இருக்கும்."

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உள்ளே வந்து, "ரெண்டு செட்டு, ஸ்டேப்பிள் பண்ணி" என்று கட்டு ஒன்றை வைத்தார். லூசி ஒரு கையால் அதை வாங்கினாள். கண் போனில் இருந்தது. "அவ்ளோ பாத்துப் பண்ணுததுக்கு அப்பறம் எப்படி டாக்டர் தப்பாச்சு?"

"உங்க வீட்டுக்காரர் விந்து உருவாகற இடத்துல பாருங்க. மத்ததெல்லாம் ஜோடி ஜோடியா நிக்கும். இது மட்டும் மூணா நிக்கும். ஒட்டுனது ஒண்ணு, தனியா இருக்கற பதிமூணு ஒண்ணு, தனியா பதினாலு ஒண்ணு. ஒட்டுனது ஒரு பக்கமும், தனியா இருக்கற ரெண்டும் மறுபக்கமும் போனா சரியாயிடும். ஆனா தனியா இருக்கற பதினாலு, ஒட்டுனதோட சேர்ந்து ஒரே பக்கம் போயிட்டா…"

"ஒண்ணு கூடிரும்," என்றாள் லூசி.

"ஆமா."

மத்தியாஸுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். "தப்பான பக்கம் பிடிச்சா தொய்வு தெரியும்னீங்களே மேடம். அவிழ்த்துட்டு மறுபடி பிடிக்கும்னீங்களே. அப்ப அது என்ன பாத்துச்சு?"

"அங்கதான் சிக்கல் சார். மூணை மொத்தமாப் பிடிச்சு இழுக்கும்போது, தப்பான பக்கம் பிடிச்சிருந்தாலும் விறைப்பாவே நிக்கலாம். செல்லுக்குத் தெரியறது விறைப்பு மட்டும்தான். அது எண்ணிப் பாக்காது."

வாத்தியார் மெஷினையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது ஆளு நண்டு கட்டினா அப்படித்தான் மேடம். சுண்டிப் பாத்தா கயிறு கம்பி மாதிரி இருக்கும். பாஸ் பண்ணி ஏத்திருவோம். ஆனா கொடுக்குக்குப் பதிலா காலைச் சேத்துக் கட்டியிருப்பான். அங்க போயி பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும், ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கிடக்கும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்னு வச்சுக்கங்க. ஆனா இங்க கட்டறதுக்குன்னு ஒரு ஆள் இல்ல சார். திட்டறதுக்கும் ஆள் இல்ல."

"மருந்து?"

"இல்ல."

"நூலுதான மேடம்? இறுக்கிப் பிடிக்க ஒரு மருந்து இருக்காதா? இத்தனை கண்டுபிடிக்கறீங்க."

"இருக்கு. புற்றுநோய்க்காரங்களுக்குக் கொடுக்கறாங்க. அதைப் போட்டா நூல் கரையாது, அப்படியே நிக்கும். செல்லும் அப்படியே நின்னுபோகும், பிரியாது. அதுக்குத்தான் கொடுக்கறதே. கரைச்சாலும் வேலை நின்னுடும், இறுக்கினாலும் நின்னுடும். நாங்க உங்க இரத்தத்தைப் பாத்ததும் அப்படித்தான், நூலைக் கரைக்கற மருந்து ஊத்தி, பாதியில நிறுத்தி வச்சு எண்ணினோம். பிடிச்சு, விட்டு, திரும்பப் பிடிச்சுத்தான் சார் அது சமமாகுது. வெளிய இருந்து நாம கை வைக்க முடியாது."

"அப்ப எங்களுக்கு வழியே இல்ல."

"அப்படிச் சொல்லலை. நிறைய தடவை சரியாப் போகும். உங்க மாதிரி இருக்கறவங்களுக்கு நல்ல குழந்தை பிறந்திருக்கு, நிறையப் பேருக்கு. உங்களுக்கு மூணு வாட்டி தப்பாப் போனது துரதிர்ஷ்டம். அடுத்து தங்கினா, மூணாம் மாசம் சென்னை வந்து ஒரு பரிசோதனை பண்ணிப் பாத்துடலாம். இன்னொண்ணு, சார். இது உங்க அப்பாவோ அம்மாவோ கொடுத்ததா இருக்கலாம். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் பாத்துக்கறது நல்லது. அவங்க பிள்ளைங்களும்."

லூசி குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். "டாக்டர், ஒண்ணு கேக்கணும். நான் ஸ்கூட்டர் ஓட்டினதுக்கும் இதுக்கும்…"

"சம்பந்தமே இல்லம்மா."

"ஜெராக்ஸ் மெஷின் சூடு?"

"யார் சொன்னாங்க அப்படி?"

"சும்மா கேட்டேன்."

போனை வைத்த பிறகு விஜயலட்சுமி ஒரு படம் அனுப்பினார். லூசி அதைப் பிரிண்டருக்கு அனுப்பித் தாளில் எடுத்தாள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கறுப்பாகச் சின்னப் புழுக்கள், வரிசையாக, நம்பர் போட்டு. பதிமூன்றுக்கும் பதினாலுக்கும் நேரே மட்டும் ஒன்று நீளமாக, இடுப்பில் வளைந்து கிடந்தது. மத்தியாஸ் அதைப் பார்த்தான். எத்தனை மூட்டை தூக்கியிருப்பான், எத்தனை கப்பலில் ஏறி இறங்கியிருப்பான், அத்தனை நாளும் உடம்பின் ஒவ்வொரு துளியிலும் இது இருந்திருக்கிறது. கையால் தொட்டு எடுக்கவும் முடியாது, மிதிக்கவும் முடியாது. அவனுக்குத் தெரிந்த எந்த வேலையும் அதனிடம் செல்லாது.

வாத்தியார் தன் இரண்டு செட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

"அக்காவுக்குப் போடுங்க," என்றாள் லூசி.

"வீட்டுக்குப் போயிப் பேசுதேன்."

"இங்கயே. என் முன்னாடி. ஸ்பீக்கர்ல."

"கடையில நாலு பேர் வருவாங்க லூசி…"

"என்னைப் பத்தி அவ பேசினது நாலு பேருக்குத் தெரியும். ஹட் பே ஜெட்டியில மீன் விக்குத பொம்பளைக்குத் தெரியும். போடுங்க."

போட்டான். இரண்டு முறை மணி அடித்து அறுந்தது. மூன்றாம் முறை எடுத்தாள்.

"என்னல, கப்பல் டிக்கெட்டு எதும் வேணுமா?"

"இல்லக்கா. லேப்ல இருந்து சொல்லிட்டாங்க. லூசிகிட்ட ஒண்ணும் இல்லியாம். என்கிட்டதான்."

"என்னது உன்கிட்ட?"

"ரெண்டு குரோமோசோம் ஒட்டிக்கிட்டு இருக்காம்."

"ஒட்டிக்கிட்டா? ஆம்பளைக்கு அதெல்லாம் ஏதுல? எவனோட ரத்தத்தையோ மாத்தி வச்சிருப்பாளுவ. அங்க என்ன ஒழுங்கா பாக்காங்களா? நீ சின்னப் பிள்ளையில எப்படி இருந்த, தெரியுமா, நான்தான…"

"அக்கா, கேளு. பிரியும்போது ரெண்டு பக்கமும் நூலு இழுக்கும். அது சமமா…"

"என்ன நூலு?"

மத்தியாஸ் கையை ஆட்டினான், அவள் எதிரே நிற்பதுபோல. இரண்டு முஷ்டியைப் பிடித்து இழுத்துக் காட்டினான். கடையின் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக் கையை இறக்கினான். டாக்டர் சொன்னபோது நேராக இருந்ததெல்லாம் அவன் வாயில் வந்ததும் சிக்கு விழுந்தது.

"நூலை விடுக்கா. பிறவியில இருந்தே எனக்கு இருக்கு. ஸ்கூட்டரும் இல்ல, ஜெராக்ஸும் இல்ல. அவளை இனி ஒண்ணும் சொல்லாத. டாக்டர் சொன்னாங்க, அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வந்திருக்குமாம். உனக்கும் இருக்கலாமாம். ஷெல்டனுக்கும் பாத்துரணுமாம்."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது. ஷெல்டன் கேத்தரினின் ஒரே மகன்.

"அக்கா?"

"ஷெல்டனுக்கு முந்தி எனக்கும் ரெண்டு போச்சுல." குரல் இறங்கியிருந்தது. "உனக்குத் தெரியாது. நீ சின்னவன். எண்ணெய்ப்பனை குலை சுமந்ததால போச்சுன்னு உங்க அத்தான் வீட்டுல சொன்னாவ. நானும் அப்படித்தான்னு நினைச்சேன். பொறவு ஒரு மாசம் வேலைக்குப் போவல, அதுக்கும் ஏச்சு வாங்கினேன்."

மத்தியாஸ் லூசியைப் பார்த்தான். லூசி தாளைப் பார்த்தாள்.

"சிக்னல் போவுது," என்றாள் கேத்தரின். சிக்னல் நன்றாகவே இருந்தது. வைத்துவிட்டாள்.

வெளியே ஆட்டோ ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"உங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் லூசி. "எப்படி இருக்கும்னு. தெரிஞ்சும் என்னைச் சொன்னா."

"அவளைச் சொன்னாங்க, அவ உன்னைச் சொன்னா."

"அதுக்கு நான் பாவம்னு நினைக்கணுமா?"

"நினைக்க வேண்டாம்."

"நினைக்கவும் மாட்டேன். இன்னைக்கு மாட்டேன்." அவள் மெஷினின் மூடியைத் திறந்து, வாத்தியார் மறந்துவிட்டுப்போன மூலத்தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். "மூணாம் மாசம் சென்னை போகணுமா?"

"போகணும்."

"அங்க போயி, அதுவும் தப்பாப் பிடிச்சிருக்குன்னு சொன்னா?"

அவன் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள்.

"காரணம் தெரியாம மாட்டேன்னு சொன்னேன்," என்றாள். "இப்ப தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சா தைரியம் வரும்னு நினைச்சேன். ஒரு மயிரும் வரல."

"அப்ப வேண்டாம் லூசி. விட்டுருவோம்."

"நீங்க யாரு விடுததுக்கு? நான் சொல்லுதேன், வேணுமா வேண்டாமான்னு. எப்பன்னு தெரியாது. அதுவரைக்கும் யாராவது கேட்டா, உங்க அக்கா, சர்ச்சுல உள்ளவங்க, அந்த ராக்கப்பன், யாரு கேட்டாலும் நீங்க வாயைத் திறந்து சொல்லணும், உங்ககிட்டதான் இருக்குன்னு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நாலு வருஷம் பேசாம கேட்டாச்சு. இனி உங்க முறை."

"சொல்லுதேன்."

"கொட்டகைக்குப் போங்க. நண்டு கிடக்கும்."

அவன் ஸ்கூட்டரை எடுத்தான். கொட்டகையில் ராக்கப்பன் கடைசிக் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, "என்னடா ஆச்சு, வீட்டுல எதும் விசேஷமா?" என்றான், வழக்கமான இளிப்போடு. சுற்றிலும் ஐந்தாறு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியாஸ் செருப்பைக் கழற்றினான், கயிற்றுப் பந்தை எடுத்தான், திரும்ப வைத்தான்.

"என்கிட்டதான் கோளாறு," என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஒருத்தரும் கேலி பண்ணவில்லை. அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.